பள்ளி முற்றத்திலிருந்து கடற்கரை வரை: கடலூர், புதுச்சேரி தொடக்கப் பள்ளிகளுக்கான இயற்கைக் கல்வி வழிகாட்டி

சின்னப் பிள்ளைகளுக்கு இயற்கையைச் சொல்லித்தர வேண்டும் என்றதும் பெரும்பாலான பள்ளிகளில் முதலில் பேச்சு வருவது சுற்றுலாவைப் பற்றித்தான். வேன் பிடித்துப் பிச்சாவரம் போய், படகில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு திரும்புவது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், தவறும் இல்லை. ஆனால் ஜூன் முதல் ஏப்ரல் வரை வாரம் ஒருமுறை ஒரே மரத்தடியில் போய் நிற்கிற பிள்ளை கற்றுக்கொள்வதை எந்த ஒருநாள் பயணமும் தந்துவிடாது. இலை பழுப்பதும், பூ காயாவதும், போன வாரம் இருந்த கூடு இந்த வாரம் காலியாக இருப்பதும் திரும்பத் திரும்பப் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும். அதனால் இந்த வழிகாட்டி பள்ளி முற்றத்தில் தொடங்குகிறது. பயணம் கடைசியில் வரும்.

ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளிலும் செய்யக்கூடியவை இவை. தேவையான பொருள்களும் வீட்டிலும் பக்கத்துக் கடையிலும் கிடைப்பவைதான்.

தொடங்கும் முன்

முதல் வேலை ஆசிரியருடையது. பள்ளி திறந்த வாரத்தில் ஒருநாள், மணி அடிப்பதற்கு முன், வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். காலை வெயில் எங்கே விழுகிறது, குழாயடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் எது, தாழ்வாரத்து ஓரத்தில் மழை படாத காய்ந்த மணல் உண்டா, எந்தச் சுவரில் பாசி, எந்த மரத்தில் எறும்புச் சாரி, குளவிக் கூடு எங்கே. எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள். ஆண்டு முழுக்க உதவும் வரைபடம் அது.

அடுத்து, ஆபத்தான செடிகள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. அரளி அழகுக்காகப் பல பள்ளிகளில் நிற்கிறது, அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படித்தான். எண்ணிப் பழகுவதற்காகக் குன்றிமணி வைத்திருக்கும் வகுப்புகள் இன்னும் உண்டு. தயவுசெய்து அதை எடுத்துவிட்டுப் புளியங்கொட்டையை வையுங்கள். குன்றிமணியை ஒரு குழந்தை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைகளுக்கு நான்கு விதிகள் போதும். பொந்து, புற்று, கல்லின் அடி எதிலும் கை விடக் கூடாது. எதையும் வாயில் வைக்கக் கூடாது. செடியில் இருப்பதைப் பறிக்கக் கூடாது, கீழே விழுந்ததை எடுக்கலாம். ஆசிரியர் மூன்று முறை கைதட்டினால் எங்கே இருந்தாலும் ஓடி வர வேண்டும். கைதட்டலுக்கு ஓடி வருவதை மட்டும் முதல் வாரம் ஒரு விளையாட்டாகவே நடத்துங்கள். பிறகு முப்பது பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகப் பயமே இருக்காது.

தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்பே பேசிவிடுங்கள். "பிள்ளைகள் வெயிலில் சுற்றுகிறார்கள்" என்ற புகார் வந்த பிறகு விளக்குவதைவிட, வருவதற்கு முன் விளக்குவது எளிது.

பார்வைக் குறிப்பேடு

கோடு போடாத தாள் பத்துப் பதினைந்தை மடித்து நடுவே நூலால் தைத்தால் ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, நேரம், வெயிலா மேகமா. நடுவில் படம். கீழே ஒரு கேள்வி. இவ்வளவுதான்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத வேண்டாம், வரைந்தால் போதும். அது வாயால் சொல்வதை நீங்கள் படத்தின் கீழே அப்படியே எழுதிக்கொடுங்கள். "இது கறுப்பா இருக்கு, வாலு ரெண்டா பிரிஞ்சிருக்கு" என்றால் அதே சொற்களில். கரிச்சான் என்ற பெயர் அடுத்த வாரம் வரட்டும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். பெயரை முதலில் சொன்னால் பிள்ளை பெயரை எழுதிவிட்டுப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. தானே பார்த்து அடையாளம் சொன்ன பறவைக்குப் பெயர் கிடைக்கும்போது அது மறப்பதே இல்லை.

படத்தைத் திருத்தாதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். எறும்புக்கு நான்கு கால் வரைந்து கொண்டு வந்தால், "எத்தனை காலுன்னு எண்ணிப் பார்த்தியா கண்ணு? போய் இன்னொரு தடவை பார்த்துட்டு வா" என்று அனுப்புங்கள். ஆறு என்று பிள்ளையே சொல்லிக்கொண்டு ஓடி வரும்.

ஒரு மரம், ஓர் ஆண்டு

நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு மரம். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் அந்தக் குழுவுக்குச் சாய்தளத்தின் பக்கத்தில் நிற்கும் மரத்தைக் கொடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மரப்பட்டையின் சொரசொரப்பும், கசக்கிய இலையின் மணமும், காற்றில் இலை எழுப்பும் ஓசையும் குறிப்பேட்டில் பதிய வேண்டிய செய்திகள்தான். அதைக் கூட இருக்கும் பிள்ளை எழுதட்டும்.

முதல் நாள்: கண்ணைக் கட்டிக்கொண்டு மரத்தைத் தடவிப் பார்த்தல், நூலால் சுற்றளவு எடுத்தல், பட்டையின் மேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்த்து அச்சு எடுத்தல். அடுத்த வாரங்களில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வேலை. இந்த வாரம் இலை மட்டும். அடுத்த வாரம் மரத்தில் ஊர்வது மட்டும். அதற்கடுத்த வாரம் மரத்தடியில் கிடப்பது.

எந்த மரம் நல்லது? நம் கடற்கரை ஊர்களில் என் முதல் தேர்வு பூவரசு. காலையில் மஞ்சளாக விரிந்த பூ மாலைக்குள் சிவந்துபோகும். காலை வழிபாட்டுக்கு முன் ஒரு பூவுக்குக் கீழே நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டு, பள்ளி விடும் நேரத்தில் அதே பூவைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் முடிகிற சோதனை, ஒன்றாம் வகுப்புக்கே புரியும். விழுந்த இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம். எந்த இலை நன்றாக ஊதுகிறது, பிஞ்சா முற்றியதா, காய்ந்ததா? அதுவும் ஆராய்ச்சிதான்.

வேம்பு இருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டித் துளிர்ப்பதையும், பின் பூப்பதையும், ஜூன், ஜூலையில் பழுப்பதையும் பதியலாம். புங்க இலையில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் உண்டாக்குவது அது. தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலை மடக்குவதை வீட்டுக்குப் போகும் வழியில் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுச்சேரிப் பள்ளிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அங்கே மாநில விலங்கு அணில், மாநிலப் பறவை குயில், மாநில மரம் வில்வம், மாநில மலர் நாகலிங்கப் பூ. முதல் இரண்டும் அநேகமாக உங்கள் வளாகத்துக்கே வந்து போகும். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடுவதால், காக்கை கூடு கட்டும் கோடைக்காலத்தில் இரண்டையும் சேர்த்துக் கவனிக்கலாம். குயிலைக் கண்டதும் காக்கை ஏன் துரத்துகிறது என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும்.

குழியானை

தாழ்வாரத்து ஓரம், படிக்கட்டின் அடி, மழைச்சாரல் படாத பொடிமண். அங்கே புனல் வடிவில் சின்னக் குழிகள் தெரிந்தால் உங்களுக்கு ஒரு வார வகுப்பு தயார்.

முதலில் குழியைத் தொடாமல் பத்து நிமிடம் சுற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். எறும்பு தவறி விழுந்தால் அடியிலிருந்து மண் வீசியடிக்கப்படும், எறும்பு சரிந்து சரிந்து கீழே போகும். "யாரு டீச்சர் மண்ண அள்ளி அடிக்கிறது?" என்ற கேள்வி வந்த பிறகு, ஒரு கரண்டியால் குழியோடு மண்ணை அள்ளி வெள்ளைத் தாளில் மெதுவாகப் பரப்புங்கள். மண் நிறத்திலேயே குண்டாக ஒரு பூச்சி, முன்னால் இரண்டு கொடுக்கு. அது பின்பக்கமாகவே நகரும். இதைப் பார்த்ததும் வகுப்பே சத்தம் போடும், போடட்டும்.

ஒரு கொட்டாங்குச்சியில் சலித்த காய்ந்த மணலை நிரப்பி அதை விடுங்கள். மறுநாள் காலைக்குள் குழி வெட்டியிருக்கும். இன்னொரு கொட்டாங்குச்சியில் ஈர மணல், மூன்றாவதில் சரளை என்று வைத்து, எதில் குழி வருகிறது என்று மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் சோதிக்கலாம். குழியின் வாய் அகலத்தை அளவுகோலால் அளக்கலாம். பெரிய குழியானை பெரிய குழி வெட்டுகிறதா?

இது ஒரு பூச்சியின் புழுப் பருவம், வளர்ந்தால் பார்க்கத் தட்டான் என்றே தோன்றும் இறக்கைப் பூச்சியாகும் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். புழுப் பருவம் நீண்டது என்பதால் வகுப்பில் வைத்து வளர்க்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். விடுவதையும் பிள்ளைகளே செய்யட்டும்.

எலுமிச்சைச் செடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி

முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை கண்ணால் பார்க்கிற செயல்பாடு இது. எருக்கில் வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் எளிதில் கிடைக்கும், ஆனால் எருக்கம்பாலைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றில் வளரும் இனங்களே வகுப்பறைக்கு ஏற்றவை.

1. மழைக்குப் பின் புதிதாகத் துளிர்த்த இலைகளைப் பாருங்கள். குண்டூசித் தலையளவில், வெளிர் மஞ்சளாக, தனித்தனி முட்டைகளாக ஒட்டியிருக்கும். முட்டை கிடைக்காவிட்டால் இலைமேல் பறவை எச்சம் விழுந்த மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். அதுதான் இளம்புழு. பறவைகள் தின்னாமல் விடுவதற்கான வேடம் அது.

2. அந்தக் கிளை நுனியை நறுக்கி, தண்ணீர் உள்ள சின்னப் பாட்டிலில் செருகுங்கள். பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் விழுந்துவிடும்.

3. அதை ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் வைத்து, முன்பக்கத்தைக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். அடியில் பழைய செய்தித்தாள். ஜன்னலருகே, ஆனால் நேர் வெயில் படாமல். எறும்பு வராமலிருக்கப் பெட்டி வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். ஒரு பெட்டிக்கு இரண்டு அல்லது மூன்று புழு போதும்.

4. தினமும் காலையில் இரண்டு பிள்ளைகளுக்குப் பொறுப்பு. தாளை மாற்றுவது, புது இலை வைப்பது. கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், அதில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். மருந்து அடிக்காத வீட்டுச் செடியிலிருந்துதான் இலை வர வேண்டும். புழுவைக் கையால் எடுக்காமல் பழைய இலையோடு சேர்த்துப் புது இலைமேல் வைத்தால் அதுவே ஏறிக்கொள்ளும்.

5. தினமும் புழுவின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, சுவரில் ஒட்டிய தாளில் தேதிவாரியாக நேர்க்குத்தாக ஒட்டுங்கள். பத்து நாளில் அது தானாகவே ஒரு வரைபடமாக நிற்கும். செ.மீ. தெரியாத இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட எந்த நாளில் அதிகம் வளர்ந்தது என்று கை நீட்டிக் காட்டும்.

6. எச்ச நிறத்தில் இருந்த புழு கடைசித் தோலை உரித்ததும் பச்சைக்கு மாறும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். இந்தப் பருவத்தில் அதை லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு வெளியே நீளும், கடுமையான ஒரு வாடை வரும். எதிரியை விரட்டும் வழி. ஒருமுறை நீங்கள் காட்டினால் போதும், பிள்ளைகள் ஆளாளுக்குச் சீண்ட வேண்டாம்.

7. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அலையத் தொடங்கினால் கூட்டுப்புழுவாகப் போகிறது. காய்ந்த குச்சி ஒன்றிரண்டைச் சாய்த்து வையுங்கள். தன் உடம்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொண்டு நிற்கும். அதன் பிறகு பெட்டியை அசைக்கக் கூடாது. கூடு பச்சையாக இருக்கிறதா பழுப்பாக இருக்கிறதா, ஒட்டியிருக்கும் இடத்தின் நிறம் என்ன என்பதை மட்டும் குறிக்கட்டும்.

8. ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் அளவில், பெரும்பாலும் காலையில், வண்ணத்துப்பூச்சி வெளிவரும். இறக்கை கசங்கி ஈரமாக இருக்கும். தொங்கிக்கொண்டு இறக்கையை விரிக்க இடமும் ஓரிரு மணி நேரமும் தேவை. அதுவரை யாரும் தொடக் கூடாது. அன்றைய முதல் இரண்டு பாடவேளைகளை இதற்கே கொடுத்துவிடுங்கள். பிறகு வெயில் வந்ததும் வெளியே விடுங்கள்.

எல்லாப் புழுவும் பிழைக்காது. சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகளோ ஈக்களோ வரலாம். அவற்றின் தாய் இட்ட முட்டையிலிருந்து வந்து புழுவுக்குள் வளர்ந்தவை அவை. பிள்ளைகள் அழக்கூடும். மறைக்க வேண்டாம். ஒரு வண்ணத்துப்பூச்சி ஏன் அத்தனை முட்டையிடுகிறது என்பதை அந்த நாளில் பேசினால்தான் புரியும்.

மழையை அளத்தல்

நம் பகுதிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஆகவே மழைமானியைச் செப்டம்பர் கடைசியில் செய்து வைத்துவிடுங்கள்.

பக்கவாட்டில் வளைவோ வரிகளோ இல்லாத நேரான தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, கழுத்து சாயத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல் பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். அதுதான் சுழியம். அங்கிருந்து மேலே மி.மீ. அளவுத் தாளை ஒட்டி, மேலே ஒட்டுநாடா சுற்றிவிடலாம். மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளியில், காற்றில் சாயாமல் செங்கற்களுக்கு நடுவே நிறுத்துங்கள்.

வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கும். உங்கள் பிள்ளைகளும் ஏறக்குறைய அந்த நேரத்தில் அளந்துவிட்டு, கல்லுக்கு மேல் உள்ள நீரை மட்டும் கொட்ட வேண்டும். மறுநாள் செய்தித்தாளில் வரும் கடலூர் அல்லது புதுச்சேரி அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒத்துப்போகாது. பள்ளி இருக்கும் இடத்தில் பெய்த மழையும் நிலையத்தில் பெய்த மழையும் வேறாக இருக்கலாம் என்பது அப்போது தானாக விளங்கும். விடுமுறை நாளில் யார் அளப்பது என்ற பிரச்சினைக்கு, பள்ளிக்கு அருகில் வீடு உள்ள பிள்ளையும் அதன் அம்மாவும்தான் பதில்.

மழையோடு புயலும் வரும். கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. எண் ஏற ஏற ஆபத்து கூடும் என்பதை ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லலாம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்று பெயரிடப்பட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. இப்போதைய பிள்ளைகள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. வீட்டில் தாத்தா பாட்டியிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்: எந்த மரம் விழுந்தது, எது தாங்கியது, அப்புறம் என்ன நட்டார்கள். 2004 சுனாமியைப் பற்றி மட்டும் இப்படி வீட்டுப்பாடமாகக் கேட்க வேண்டாம். கடலோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது ஆறாத இழப்பு. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனவக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்துச் சொல்லச் சொன்னால் அதைவிட நல்ல வானிலைப் பாடம் கிடையாது. தன் அப்பாவோ தாத்தாவோ வகுப்பில் ஆசிரியராக நிற்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவே இதைச் செய்யலாம்.

நிழல்

ஒரு மீட்டர் குச்சியைச் சமதரையில் நேராக நட்டு, மதியம் 12.10 மணி அளவில் நிழலின் நுனியில் மாதம் ஒருமுறை கல் வையுங்கள். நம் ஊரில் இதில் ஒரு விசேஷம். ஜூன் 21ஐ ஒட்டி நிழல் சுமார் 20 செ.மீ. நீளத்தில் தெற்கே விழும். டிசம்பர் 21ஐ ஒட்டி சுமார் 70 செ.மீ. நீளத்தில் வடக்கே விழும். இடையில் ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஆகிய நாள்களை ஒட்டி, குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கிடும். ஆகஸ்ட்டில் பள்ளி நடக்கும், மேகம் மட்டும் வழிவிட வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து அவரவர் நிழல் அவரவர் காலடியிலேயே கிடப்பதைக் காட்டுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிடுங்கள்.

மண்ணும் விதையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேப்பர் மலைச் செம்மண், கெடிலக்கரை வண்டல், கடல் மணல், சிதம்பரம் பக்கத்து வயல் களிமண் என்று பிள்ளைகள் உறவினர் வீடுகளிலிருந்து கைப்பிடி மண் கொண்டு வரட்டும். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் உடனே படியும், களி மறுநாள் வரைகூடக் கலங்கியே நிற்கும். ஈர மண்ணை உருட்டிக் கயிறாகத் திரிக்க முடிகிறதா என்பதும் நல்ல சோதனை.

விதைக்குப் பச்சைப் பயறு எல்லோரும் செய்வது. ஜூன் மாதம் பண்ருட்டிப் பலா தெருவெங்கும் கிடைக்கும்போது பலாக்கொட்டையை எடுங்கள். பாதியைப் பழத்திலிருந்து எடுத்தவுடன் நடுங்கள், பாதியை இரண்டு மூன்று வாரம் வெயிலில் நன்றாகக் காயவைத்து நடுங்கள். ஈரமாக நட்டது மூன்று வாரத்துக்கு மேல் மெதுவாக முளைக்கும், காய்ந்தது அநேகமாக முளைக்காது. எல்லா விதையையும் காயவைத்துச் சேமிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பச்சை முந்திரிக்கொட்டையை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்.

வளாகத்துக்கு வெளியே

இரண்டு மூன்று மாதம் முற்றத்தில் பழகிய பிறகு வெளியே போகலாம். பெற்றோர் ஒப்புதல், தண்ணீர், தொப்பி, முதலுதவிப் பெட்டி, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். கடற்கரை என்றால் ஐந்து பேருக்கு ஒருவர். காலை பத்து மணிக்குள் வேலை முடிய வேண்டும்.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போனால் முதலில் மணலில் ஒரு கயிறு போடுங்கள். அதைத் தாண்டிக் கடல் பக்கம் ஒரு காலும் போகக் கூடாது. பிறகு மூன்று இடங்கள்: ஈர மணல், காய்ந்த மணல், அடம்புக்கொடி படர்ந்த மேடு. ஒவ்வொன்றிலும் ஒரு வளையத்தை வைத்து, உள்ளே எத்தனை நண்டு வளை, வாய் எவ்வளவு அகலம் என்று எண்ணி அளக்கட்டும். பெரிய வளைகள் எந்தப் பக்கம்? அடம்புக்கொடியின் வேரடியில் மணல் எப்படிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டுங்கள். ராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லின் முள்ளுருண்டை காற்றில் உருண்டோடினால் துரத்திப் போய் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், கயிற்றுக்கு இந்தப் பக்கமாக.

சிப்பி பொறுக்கும்போது, ஓட்டில் துரப்பணம் போட்டதைப் போல வட்டமாக ஒரே ஒரு துளை உள்ள சிப்பிகளைத் தனியே சேர்க்கச் சொல்லுங்கள். மாலை கோக்க யாரோ போட்ட ஓட்டை என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். இரைதேடும் ஒருவகைக் கடல் நத்தை துளைத்து, உள்ளே இருந்த உயிரைத் தின்ற அடையாளம் அது. பத்துச் சிப்பியில் எத்தனையில் துளை, ஓட்டின் எந்தப் பக்கத்தில் துளை என்று எண்ணத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. உள்ளே உயிர் இருக்கும் சங்கை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். இறந்து ஒதுங்கிய ஆமையைப் பிள்ளைகள் பார்க்க நேரலாம். தொடாமல், தள்ளி நின்று, வலையில் சிக்கினால் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாது என்பதைச் சொல்லுங்கள்.

ஏரிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. புதுச்சேரியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி. கடலூர் பக்கம் பெருமாள் ஏரி, வீராணம். பறவைப் பெயர்ப் பட்டியலை எடுத்துப் போகாதீர்கள். எப்படி மீன் பிடிக்கிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: அசையாமல் நின்று கொத்துவது, முங்கிப் பிடிப்பது, மேலிருந்து பாய்வது. கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி தாமாகவே வரிசையில் வந்துவிடும். முக்குளிப்பான் முங்கியதும் எத்தனை எண்ணுவதற்குள் மேலே வருகிறது என்று கூட்டமாக எண்ணலாம். பெரிய பிள்ளைகள் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணினால் போதும்.

பிச்சாவரம் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றது. அங்கே மூன்றைப் பார்த்தால் போதும். சுரபுன்னையின் வளைந்து இறங்கும் தாங்கு வேர்கள், மரத்தில் தொங்கும்போதே முளைத்து நீளும் அதன் விதைகள், வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்கள். தில்லை மரத்தின் பால் கண்ணுக்குப் பெருந்தீங்கு, அதனால் எந்த இலையையும் கிள்ளக் கூடாது. புதுச்சேரிக்காரர்களுக்குத் தேங்காய்த்திட்டில் அலையாத்திச் செடிகள் உண்டு. ஒன்று, இரண்டாம் வகுப்பை 1826இல் தொடங்கப்பட்ட புதுச்சேரித் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள், நிழலும் கழிப்பறையும் உள்ள இடமே அவர்களுக்குச் சரி. திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டு பழமையான கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. ஆனால் அந்தக் காலக் கணக்கு சின்னவர்களுக்கு எட்டாது. ஐந்தாம் வகுப்புக்கு முன் வேண்டாம், அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுத்து வரவும் கூடாது.

நேரத்துக்கு எங்கே போவது

வாரம் ஒரு பாடவேளை போதும். நூலால் அளப்பதும் மழைக் கணக்கும் கணக்குப் பாடம். குறிப்பேட்டில் எழுதுவது தமிழ். தாத்தாவிடம் கேட்டு வருவது சமூக அறிவியல். பாடத்திட்டத்தில் அந்தந்தப் பாடத்தோடு தேதி போட்டு எழுதி வைத்தால் ஆய்வுக்கு வருபவருக்கும் விளங்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பை ஒரேயடியாக வெளியே விடாதீர்கள். பாதிப் பேர் மரத்தடியில், பாதிப் பேர் திண்ணையில் வரைந்தபடி, இருபது நிமிடத்தில் மாற்றிக்கொள்ளட்டும்.

பிள்ளை என்ன கற்றது என்று அறியத் தேர்வு வைக்க வேண்டாம். ஜூன் மாதப் பக்கத்தையும் பிப்ரவரி மாதப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழே எழுதியிருக்கும் கேள்வி எப்படி மாறியிருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். "இது என்ன?" என்று தொடங்கிய பிள்ளை, "இந்தப் பக்கத்துக் கிளை மட்டும் ஏன் முதலில் துளிர்க்குது?" என்று கேட்டிருந்தால் போதும்.

ஏப்ரலில் மரவாரியாகக் குறிப்பேடுகளைக் கட்டி, மேலே மரத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி அலமாரியில் வையுங்கள். கிரேயான் பட்டை அச்சும், சுற்றளவு எடுத்த நூலும் அந்தக் கட்டிலேயே இருக்கட்டும். ஜூனில் அந்த மரத்துக்கு வரும் புதுக் குழு முதலில் அந்த நூலைப் பிரித்து மரத்தைச் சுற்றிப் பார்த்து, எத்தனை செ.மீ. குறைகிறது என்று எழுதி வேலையைத் தொடங்கும்.